சொல்லாத சேதிகளைச் சொன்ன பெண்கள்

இடம்பெயர்ந்த குடும்பங்களின் இழப்புகளை விதானையார் எழுதும்போது காணி, வீடு, கிணறு, இறைப்பு இயந்திரம், ஆடு மாடு எல்லாம் பத்திரத்தில் ஏறும். அடுப்படியில் கழிந்த சீவியம் அதில் ஏறாது. பிள்ளை வந்து சேரும்வரை படலையில் நின்ற பயமும் ஏறாது. இவற்றைச் சொல்ல எமது பெண்கள் ஒரு வழி கண்டார்கள். அதுதான் கலை.

இது புதுப் பழக்கம் அல்ல. செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லும் பெண் இறந்தவரை மட்டுமா பாடுகிறாள்? புகுந்த வீட்டில் தான் பட்டதையும் உடன்பிறந்தோர் கைவிட்டதையும் அழுகையோடு சேர்த்துச் சபையில் வைத்துவிடுகிறாள். வேறு நாளில் இதையே சொன்னால் வாய்க்காரி என்பார்கள். அன்றைக்கு மட்டும் அவளை எவரும் தடுப்பதில்லை.

பத்துப் பேரின் குரல்

1984ல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவானது. பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளுக்காகத் தாய்மார் திரண்டு கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். வீட்டுக்குள் அழுதவர்கள் வீதியில் நின்று கேட்டார்கள்.

இரண்டு வருடங்களின் பின், 1986ல், யாழ்ப்பாணத்தின் பெண்கள் ஆய்வு வட்டம் 'சொல்லாத சேதிகள்' என்ற சிறு நூலை வெளியிட்டது. பத்துப் பெண்களின் 24 கவிதைகள் அதில் இருந்தன. சங்கரி, சிவரமணி, ஔவை, ஊர்வசி, மைத்ரேயி, மசூறா ஏ. மஜீட் ஆகியோர் அவர்களுட் சிலர். சித்திரலேகா மௌனகுரு முன்னுரை எழுதினார். பெண்ணை உடம்பாக மட்டும் பார்க்கும் பார்வை, வீட்டுக்குள் அடைபட்ட வாழ்வு, காதல், போர்ப் பயம் எல்லாவற்றையும் இவர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள். பலருக்கு அது பிடிக்கவில்லை. "நாடு எரியும்போது பெண்ணின் பிரச்சினை பெரிதா?" என்ற கேள்வியும் அக்காலத்தில் எழுந்தது. வீட்டுக்குள் நடப்பதும் வீதியில் நடப்பதும் ஒரே அநியாயத்தின் இரண்டு பக்கங்கள் என்பதே இவர்களின் பதில்.

கொடுத்த விலை

பேசியவர்கள் விலை கொடுத்தார்கள். பெண்களுக்கான 'பூரணி' இல்லத்துடன் சேர்ந்து உழைத்த மருத்துவ விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21ல் சுட்டுக் கொல்லப்பட்டார். சிவரமணி 1991 மே மாதத்தில் தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கு அப்போது 22 வயது. பிறர் கையில் எஞ்சியிருந்த கவிதைகளே பின்னர் நூலாகின. வவுனியா சேமமடுவைச் சேர்ந்த செல்வி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றவர். 'தோழி' என்ற பெண்கள் சஞ்சிகையை நடத்தியவர். 1991 ஓகஸ்ட் 30ல் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பி வரவில்லை.

இராணுவத்தின் கொடுமையைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் இவர்களை ஊர் கொண்டாடியிருக்கும். எமது பக்கத்துத் துவக்கையும் எமது வீட்டுக் கட்டுப்பாட்டையும் கேள்வி கேட்டதனால்தான் தனித்து நின்றார்கள்.

கவிதை காணி தருமா?

தராது. வலிகாமம் வடக்கில் 1990ல் விட்டுவந்த செம்மண் தோட்டங்கள் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. இன்னும் திரும்பிப் போகாத குடும்பங்கள் உண்டு. கவிதையோ படமோ அந்த வேலியைப் பிடுங்கவில்லை. ஆனால் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று எவரும் சொல்லமுடியாதபடி அவை சாட்சி வைக்கின்றன. 2017 பெப்ரவரி முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் படங்களை ஏந்தி இருந்ததும் அதே சாட்சிதான்.

ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் 80 பேரிடம் தம் பழைய வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவை 2011ல் நூலாக வந்தன. 'முற்றுப்பெறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. அந்நாளில் ஒல்லாந்தர் காணி பதிந்த புத்தகம் தோம்பு. அதிகாரியின் தோம்பில் வேலியும் பரப்பும் மட்டும் இருக்கும். மக்களின் தோம்பில் அவர்கள் வாழ்ந்த வாழ்வும் இருக்கிறது.

நாமும் செய்யலாம்

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொண்டுவாருங்கள். உங்கள் வளவை வரையுங்கள். கிணறு எங்கே, துலா எங்கே, அடுப்படி எங்கே, முருங்கை எங்கே? அதை நட்டது யார்? தண்ணீர் அள்ளியது யார்? புகையிலைக்குப் பாத்தி பிடித்தது யார்? பெயர்களையும் வருடத்தையும் எழுதுங்கள். வரையத் தெரியாது என்று ஒருவரும் ஒதுங்கவேண்டாம். கோலம் போட்ட கைகள் அல்லவா?

இந்தப் படம் காணி உறுதி ஆகாது. உறுதி தொலைந்தவர்கள் அதன் பிரதிக்குக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பிக்கவேண்டும். ஆனால் உறுதியில் பல இடங்களில் ஆணின் பெயர் மட்டுமே இருக்கும். இந்தப் படத்தில் உழைத்த பெண்ணின் பெயரும் இருக்கும். பிள்ளைகளை அருகில் இருத்தி வரையுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள். அப்போது, இத்தனை காலமும் சொல்லாததைச் சொல்லுங்கள்.