முன்சக்கரம் மடிந்து விழாமல் இருக்க...
பால் ஜாயின்ட் மாற்ற என்ன கருவி வாங்கலாம்?

மும்பையில் மழை ஓய்ந்து, கணபதி விசர்ஜனமும் முடிந்துவிட்டால், சாலையோர மெக்கானிக்குகளுக்குக் கை நிறைய வேலை. நான்கு மாதம் பள்ளத்திலும் தண்ணீரிலும் ஓடிய கார்கள் "டக், டக்" என்ற சத்தத்தோடு வந்து நிற்கும். அந்தச் சத்தத்துக்குக் காரணங்கள் பல. அவற்றில் அலட்சியம் செய்யக்கூடாத ஒன்று, முன்சக்கரத்தின் உள்பக்கம் மறைந்திருக்கும் பால் ஜாயின்ட்.

மனிதனின் இடுப்பு எலும்பு எப்படிக் கிண்ணத்துக்குள் உருண்டை பொருந்தியது போல் இருக்கிறதோ, அதே அமைப்புதான் இதுவும். இரும்புக் கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு. சுற்றிலும் கிரீஸ். அதை மூடி ஒரு ரப்பர் உறை. சக்கரம் மேலும் கீழும் ஆடவும், இடது வலது திரும்பவும் இந்தக் குண்டே துணை. ரப்பர் உறை கிழிந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகும். கிரீஸ் கழுவிக் கொண்டு வெளியே வரும். பிறகு இரும்பும் மணலும் அரைபட வேண்டியதுதான். தேய்ந்து தேய்ந்து ஒரு நாள் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிட்டால், சக்கரம் ஒரு பக்கமாக மடிந்துவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன பயன்? கண்டாலா மலையிலோ, சாத்தாரா வழியில் கம்பட்கி மலை இறக்கத்திலோ அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பழைய கார் ஒன்றை வாங்கிக் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் தமிழர்கள் பலர். மில்லிலும் பட்டறையிலும் ஃபிட்டராக வேலை பார்த்துக் கை பழகியவர்களும் அவர்களில் உண்டு. இந்த வேலையை அவர்கள் வீட்டு வாசலிலேயே செய்து கொள்ளலாம். ஆனால் கருவி சரியாக இருக்க வேண்டும். சுத்தியலும் பானாவும் மட்டும் போதும் என்று இறங்கினால், நூறு ரூபாய் மிச்சம் பிடித்து ஆயிரம் ரூபாய் சாமானை உடைத்த கதையாகிவிடும்.

முதலில் படுத்துப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் காருக்கு அடியில் பார்க்க வேண்டும். எந்தக் கருவி தேவை என்பதை வண்டிதான் சொல்லும்.

பால் ஜாயின்ட்டின் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் இரண்டு விதமாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று கூம்பு வடிவத் தண்டு. கூம்பான துளைக்குள் இறுகி உட்கார்ந்து, தலையில் வெட்டுள்ள நட்டும் ஸ்பிளிட் பின்னும் போட்டிருக்கும். மற்றொன்று நேரான தண்டு. அதைச் சுற்றி நக்கிளின் வாய் கவ்விப் பிடித்திருக்கும். குறுக்கே ஒரு போல்ட் இறுக்கியிருக்கும். 1983-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800-ல் கீழ்ப்பக்க ஜாயின்ட் இந்த இரண்டாவது வகை. அதற்குப் புல்லர் தேவையே இல்லை! அது தெரியாமல் புல்லர் வாங்கி வந்து விழிப்பவர்கள் உண்டு. அதே காரில் ஸ்டியரிங்கோடு சேர்ந்த டை ராடு எண்டு கூம்பு வகை. அதற்குப் புல்லர் வேண்டும்.

அடுத்து, ஜாயின்ட்டின் கிண்ணம் கீழ்க்கையில் எப்படி இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். போல்ட் போட்டு மாட்டியிருந்தால் சுலபம். ரிவிட் அடித்திருந்தால் தலையைத் துளைத்து எடுத்துவிட்டு, புதிய ஜாயின்ட்டோடு வரும் போல்ட்டைப் போட வேண்டும். அழுத்திச் செருகியிருந்தால் பிரஸ் கருவி வேண்டும். பல சிறு கார்களில் கையும் ஜாயின்ட்டும் ஒரே சாமானாக வரும். அப்போது கையை முழுதாக மாற்றிவிடுவதே உத்தமம்.

தேய்ந்திருப்பது ஜாயின்ட்தானா என்பதையும் உறுதி செய்து கொள்ள வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும். இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில்! பிரேக் மிதித்தும் ஆடினால், கீழ்க்கைக்கும் நக்கிளுக்கும் நடுவே ஒரு லிவரைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால் ஜாயின்ட்டின் லட்சணம் தெரிந்துவிடும். சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் டை ராடு எண்டைப் பார்க்க வேண்டும்.

கவட்டையா, புல்லரா?

கூம்புத் தண்டை விடுவிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

பழைய வழி, கவட்டை போன்ற இரும்பு. அதை உறைக்கும் நக்கிளுக்கும் நடுவே வைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள். ஆப்பு போல் புகுந்து பிரித்துவிடும். விலை குறைவு; வேகம் அதிகம். ஆனால் ரப்பர் உறையைக் கிழிக்காமல் விடாது. எப்படியும் தூக்கிப் போடப் போகும் ஜாயின்ட் என்றால் பரவாயில்லை. வேறு வேலைக்காக நல்ல ஜாயின்ட்டைக் கழற்றும்போது கவட்டையைக் கிட்டவே கொண்டு வரக்கூடாது.

இரண்டாவது, சுத்தியல் வித்தை. நக்கிளின் துளையைச் சுற்றியுள்ள கண் போன்ற பகுதியில், பக்கவாட்டில் ஓங்கி இரண்டு அடி. எதிர்ப்பக்கம் இன்னொரு கனமான சுத்தியலைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். கண் ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். கை தேர்ந்தவர்களுக்கு இது போதும். தேராதவர்கள் அடிப்பது பெரும்பாலும் தண்டின் மரை மீதுதான். மரை சப்பையாகி, நட்டும் கழலாது, தண்டும் இறங்காது. அலுமினிய நக்கிளில் சுத்தியல் கூடவே கூடாது.

மூன்றாவது, புல்லர். முதல் முறையாகச் செய்பவர் காசு போட வேண்டியது இதில்தான். கத்தரிக்கோல் போல் இரண்டு தாடைகள். பின்னால் ஒரு போல்ட். போல்ட்டை முறுக்க முறுக்க ஒரு தாடை நக்கிளைப் பிடித்துக் கொள்ள, மற்றது தண்டின் நுனியை அழுத்தும். திடீரென்று "டங்" என்ற சத்தத்தோடு கூம்பு விட்டுவிடும். அதனால்தான் நட்டை முழுதாகக் கழற்றாமல், சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கை துள்ளி முகத்தில் அடிக்கும். கண்ணாடி அணிவது அவசியம்.

புல்லர் வாங்கும்போது பார்க்க வேண்டியது அதன் வாய். அகலம் மட்டும் பார்த்தால் போதாது. கீழ்த்தாடை மெல்லியதாக இருந்தால்தான் உறைக்கும் நக்கிளுக்கும் இடையே நுழையும். பழைய ஜாயின்ட்டின் அளவை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து எடுத்துப் போவது நல்லது. வார்ப்பு இரும்பில் செய்த மலிவான புல்லர் இறுக்கத்தில் வெடித்துவிடும். உலையில் அடித்துச் செய்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கம் நாக்தேவி தெருவில் கைக்கருவிக் கடைகள் வரிசையாக உள்ளன. பெங்களூர் அன்பர்களுக்கு எஸ்.பி. ரோடு.

செருகு வகைக்கான பிரஸ், ஆங்கில 'சி' எழுத்து போன்ற பெரிய பிடியும் பல அளவுக் கிண்ணங்களும் கொண்டது. வாழ்நாளில் ஓரிரு முறை செய்யும் வேலைக்கு இதை வாங்குவது வீண். கையைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுத்தால் சில நிமிட வேலை. வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. புது ஜாயின்ட்டை அதன் வெளி விளிம்பில்தான் அழுத்த வேண்டும். அடித்தட்டின் நடுவில் அழுத்தினால், ஓடுவதற்கு முன்பே அது கெட்டுவிடும்.

உயிர் காக்கும் இரண்டு

பட்டியலில் எல்லோரும் மறப்பது ஜாக்கி ஸ்டாண்ட். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி அடியில் தலையை நீட்டக்கூடாது. இரண்டு ஸ்டாண்ட், சிமென்ட் தரை, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. மண் தரை என்றால் ஸ்டாண்டின் கீழ் கனத்த பலகை. கழற்றிய சக்கரத்தை காருக்கு அடியிலேயே படுக்க வைத்துவிட்டால் இன்னொரு காப்பு. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக் கொள்ள வேண்டும்.

சிறு கார்களில் சுருள் வில் ஷாக் அப்சார்பரோடு சேர்ந்து அடைபட்டிருக்கும். சில ஜீப், வேன் வகைகளில் வில் கீழ்க்கையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே ஜாயின்ட்டை விடுவித்தால் வில் வெடிகுண்டு போல் பாயும். கீழ்க்கைக்கு ஜாக்கி கொடுத்துத் தாங்கிய பிறகே தொட வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் அந்த வகையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சரி.

மற்றது டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் கருவி. "கை இறுக்கம் எனக்குத் தெரியும்" என்பார்கள். கூம்பு நட்டு தளர்ந்தால் துளை அகன்றுவிடும். மிஞ்சினால் மரை அறும். வண்டிக்கு வண்டி அளவு வேறு. அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருப்பதையே பின்பற்ற வேண்டும். நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேராக வரவில்லையென்றால், நட்டைப் பின்னால் தளர்த்தக்கூடாது. முன்னால் சற்று இறுக்கி நேராக்க வேண்டும். ஸ்பிளிட் பின் புதியதாகவே இருக்கட்டும். பழைய ஆணியை நிமிர்த்திப் போடும் சிக்கனம் இங்கே வேண்டாம்.

மாருதி வகையில் குறுக்குப் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது; முழுதாக உருவ வேண்டும். தண்டில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டு, போல்ட் அதில் சிக்கியிருக்கும். முதல் நாள் இரவே துரு விடும் எண்ணெய் விட்டு ஊற வைத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கவ்வும் வாயின் பிளவில் தட்டையான உளியை லேசாகக் கொடுத்து, லிவரால் கையைக் கீழே அழுத்தினால் தண்டு இறங்கும். உளியை ஓங்கி அடித்தால் நக்கிளே பிளக்கும். போல்ட்டின் தலையைத் திருப்ப ஆறுமூலை சாக்கெட் வாங்க வேண்டும். பன்னிரண்டு மூலையுள்ளது துருப்பிடித்த தலையை வழுக்கிவிடும்.

கையை முழுதாக மாற்றினால், உள்பக்க ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கடைசியில், வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கொண்டு சீக்கிரம் கிழியும்.

சாமான் வாங்கும்போது டூப்ளிகேட்டுக்கு ஏமாறக்கூடாது. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், போலியும் கிடைக்கும். கழற்றிய பழைய ஜாயின்ட்டை வாங்குவதில் அர்த்தமே இல்லை. நம் சென்னையின் ராணே (மெட்ராஸ்) நிறுவனமும் பால் ஜாயின்ட் செய்கிறது. எந்தப் பெயரானாலும் பில்லோடு வாங்க வேண்டும்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்; டயர் ஒரு பக்கமாகத் தேயாது. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும், ஸ்பிளிட் பின்னையும், புது உறையையும் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு ஊருக்குக் கிளம்பலாம்.