புது எஸ்எஸ்டி ‘காட்டலையா’? கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்க!

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி, அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கும் தூரம்தான். புறநகர்வாசிகள் பலருக்கும் ‘சொந்தமா ஒரு பிசி அசெம்பிள் பண்ணணும்’ என்ற ஆசை தொடங்கும் இடம் அது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்ததால், பழைய கம்ப்யூட்டரை மாற்றும் கட்டாயமும் பலருக்கு வந்துவிட்டது.

பாகங்களை எல்லாம் மாட்டி, பவர் ஆன் செய்த பிறகு வரும் முதல் அதிர்ச்சி: “எஸ்எஸ்டி காட்டவே இல்லையே, டெட் பீஸா?” பல நேரங்களில் டிரைவ் நன்றாகவே இருக்கும். செட்டப்பில் ஏதோ ஒரு படி விட்டுப் போயிருக்கும்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது என்ன?

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சாட்டா எஸ்எஸ்டியின் வேகம் விநாடிக்குச் சுமார் 550 எம்பி. என்விஎம்இ-யில் மூன்றாம் தலைமுறை என்றால் சுமார் 3,500 எம்பி வரையும், நான்காம் தலைமுறை என்றால் 7,000 எம்பி வரையும் போகும். உங்கள் மதர்போர்டு ஸ்லாட் எதை ஏற்கும் என்பதை அதன் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டுவது எப்படி?

பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள ஸ்டேட்டிக் மின்சாரத்தைப் போக்குங்கள். எம்.2 டிரைவை சாய்வாகச் செருகி, மெதுவாகக் கீழே அழுத்தி ஸ்க்ரூ போட வேண்டும். ஹீட்சிங்க் இருந்தால், அதன் தெர்மல் பேடில் உள்ள பிளாஸ்டிக் ஃபிலிமை உரிக்க மறக்காதீங்க.

அப்பவும் காட்டலையா?

முதலில் பயாஸ் திரையில் பாருங்கள். அங்கே பெயர் தெரிந்தால் டிரைவுக்கு உயிர் இருக்கிறது. தெரியாவிட்டால், கழற்றி மறுபடி சரியாகச் செருகிப் பாருங்கள்.

பயாஸில் தெரிந்தும் விண்டோஸ் இன்ஸ்டாலில் வரவில்லையா? சில இன்டெல் மதர்போர்டுகளில் ‘விஎம்டி’ என்ற செட்டிங் ஆனில் இருந்தால் இப்படி ஆகும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவில் எடுத்துவந்து ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் சரியாகிவிடும்.

எஸ்எஸ்டி-யை இரண்டாவது டிரைவாக மாட்டியிருந்தால், ‘திஸ் பிசி’யில் அது தானாக வராது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இனிஷியலைஸ் செய்து, ‘ஜிபிடி’யைத் தேர்ந்தெடுத்து, புது வால்யூம் உருவாக்கினால் போதும். 1 டிபி வாங்கியும் 931 ஜிபி-தான் காட்டுகிறது என்றால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நிறுவனம் ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024-ன் மடங்கில் எண்ணுகிறது. அவ்ளோதான்!

உண்மையான ஆபத்து எங்கே?

பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான். கல்யாண போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன் எல்லாம் அதில்தான் இருக்கும். விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும்போது அது ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்று எண்களைத்தான் காட்டும். அவசரத்தில் தவறான எண்ணை ஃபார்மேட் செய்தால் கதை முடிந்தது. பூட் ஃபைல்கள் பழைய டிஸ்க்கில் போய் உட்காருவதும் உண்டு. பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. எனவே இன்ஸ்டால் முடியும்வரை பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றியே வையுங்கள். மறுபடி மாட்டும்போது, டேட்டா உள்ள பழைய டிஸ்க்கை ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால், ஓகே கொடுக்காதீங்க.

எஸ்எஸ்டி-யில் அழிந்தால் திரும்புமா?

ஹார்ட் டிஸ்க்கில் அழித்த ஃபைலை சாஃப்ட்வேர் வைத்து மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி-யில் ‘டிரிம்’ என்ற வசதி, அழித்த ஃபைல் இருந்த இடத்தை காலி எனக் குறித்துவிடும். டிரைவ் அதைத் துடைத்துவிட்டால் மீட்பது மிகமிகக் கடினம்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. தரைத்தள வீட்டில் மேஜைக்கடியில் இருக்கும் கேபினட்டுக்கு எவ்வளவு வேகமான எஸ்எஸ்டி போட்டாலும் அது பாதுகாப்பு ஆகாது. முக்கியமான ஃபைல்களின் ஒரு காப்பி வெளி டிரைவிலும், இன்னொன்று கிளவுடிலும் இருக்கட்டும். புது பிசி-யில் கேம் இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே இதைச் செய்துவிடுங்கள்.