பெரிய வேளார் எந்தக் காலத்து ஆள்? 'பொன்னியின் செல்வ'னில் இடிக்கும் காலக்கணக்கு

திருச்சியிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். புதுக்கோட்டை மாவட்டத்தின் இந்தச் சிற்றூர், 'பொன்னியின் செல்வன்' வாசகர்களுக்கு வானதியின் ஊர். அவளுடைய பெரியப்பா பூதி விக்கிரமகேசரி, நாவலில் ஈழப் படையை நடத்தும் 'பெரிய வேளார்'. அவர் கட்டிய மூவர் கோயில் இன்றும் இங்கே நிற்கிறது. ஆனால், நாவல் சொல்லும் காலத்தில்தான் அவர் வாழ்ந்தாரா என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை.

கதையின் கால அளவு என்ன?

கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர் இது. வாசகர்கள் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்து படித்த கதை, உள்ளே சில மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது. ஆடிப்பெருக்கில் வந்தியத்தேவனின் பயணத்தோடு தொடங்கி, சதி, கொலை, பட்டாபிஷேகம் என ஓடுகிறது. வரலாற்றிலோ இதே விஷயங்கள் பல ஆண்டுகளுக்குப் பரவிக் கிடக்கின்றன.

எங்கெல்லாம் இடிக்குது?

முதலில் ஈழப் போர். சுந்தர சோழர் காலத்தில் ஒரு படையெடுப்பு நடந்தது. கொடும்பாளூர் சிறிய வேளார் அதில்தான் இறந்தார். ராஜராஜன் ஈழத்தின் மீது படை அனுப்பியது அவர் அரசரான பிறகு, சுமார் 993-ல். இடைவெளி ஏறக்குறைய கால் நூற்றாண்டு. நாவலிலோ இளவரசர் அருள்மொழி, தந்தை உயிரோடு இருக்கும்போதே ஈழத்தில் படையோடு இருக்கிறார்.

அடுத்தது ஆதித்த கரிகாலன் கொலை. இது சுமார் 970-ஐ ஒட்டி நடந்தது. ரவிதாசன் உள்ளிட்டோரை துரோகிகள் என்று சொல்லும் உடையார்குடி கல்வெட்டு ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது சுமார் 987. கொலை ஏன் நடந்தது, பின்னால் யார் இருந்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. நாவலில் வரும் மற்ற விவரங்கள் அந்த இடைவெளியை நிரப்பிய கற்பனை.

மூன்றாவது, உத்தம சோழர். (ஸ்பாய்லர் இருக்கு, படிக்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க!) கதை முழுக்க மதுராந்தகர் பதவி ஆசை பிடித்தவர். ஆனால் வரலாற்றில் உத்தம சோழர் 985 வரை சுமார் 15 ஆண்டுகள் ஆட்சி செய்தார். கல்கி என்ன செய்தார்? குழந்தை மாறிப்போன கதையைக் கொண்டுவந்து, சேந்தன் அமுதனையே உண்மையான வாரிசாக்கி, உத்தம சோழராக முடிசூட்டினார்.

சரி, பெரிய வேளாருக்கு என்ன சிக்கல்?

மூவர் கோயில் கல்வெட்டு கொடும்பாளூர் வேளிரின் வம்சாவளியைச் சொல்கிறது. தன் பெயரிலும், கற்றளி, வரகுணா என்ற தன் இரு மனைவியர் பெயரிலும் விக்கிரமகேசரி மூன்று விமானங்களை எழுப்பிய செய்தியும் அதில் உண்டு. இரண்டு முழுதாக நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம். ஆனால் இந்தக் கல்வெட்டில் ஆண்டு இல்லை.

அவர் வீரபாண்டியனை வென்றதாகக் கல்வெட்டு சொல்வதால், ஆதித்த கரிகாலன் வென்ற அதே வீரபாண்டியன்தான் இவன், எனவே இது சுந்தர சோழர் காலம் என்பது ஒரு தரப்பு. கல்கியின் கதை இதோடு பொருந்துகிறது. கோயிலின் கட்டடப் பாணியையும் வேறு கல்வெட்டுகளையும் வைத்து, முதலாம் ஆதித்த சோழர் காலம் என்பது இன்னொரு தரப்பு. அந்த ஆதித்தரின் ஆட்சி 907-ல் முடிந்தது. சுந்தர சோழர் அரியணை ஏறியது சுமார் 957-ல். இரண்டாவது தரப்பு சரி என்றால், நாவலின் பெரிய வேளார் வானதிக்குப் பெரியப்பா அல்ல, கொள்ளுத் தாத்தா வயதுக்காரர்!

அப்போ கல்கி தப்பா எழுதிட்டாரா?

அவர் எழுதியது நாவல். அரை நூற்றாண்டை அப்படியே எழுதினால் சதிக்கதையின் வேகம் போய்விடும். சிக்கல், நாவலின் வரிசையை வரலாற்றின் வரிசையாக எடுத்துக்கொள்வதில்தான். 2022, 2023-ல் படங்கள் வந்த பிறகு, நூலைத் தொடாதவர்களுக்கும் இந்தக் கதை தெரியும். கொடும்பாளூருக்குப் போகிறவர்கள் வானதியைத் தேடலாம், தப்பில்லை. கற்றளியையும் வரகுணாவையும் சேர்த்துத் தேடுங்கள். கல்லில் பெயர் இருப்பது அவர்களுக்குத்தான்.