சூளைக்கு முன்னே

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டைக்கு ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றிருந்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையொன்றின் மூக்குச் சற்றே கோணியிருந்தது. தொழிலாளி ஈரத் துணியால் ஒரு தடவு தடவினார், மூக்கு நேராயிற்று. “சூளையில் வெந்த பிறகு இப்படிச் செய்யலாமா, ஐயா?” என்று ஒரு பையன் கேட்டான். “உடைக்கலாம், தம்பி, திருத்த முடியாது” என்றார் அவர்.

பட்டணங்களின் கதையும் அதுதான்.

சென்னையை அடுத்த முடிச்சூரில் மனை வாங்கிக் குடியேறிய என் பழைய மாணாக்கன் ஒருவன், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மனைவி மக்களுடன் மொட்டை மாடியில் இரண்டு இரவுகளைக் கழித்தான். ‘நீர் போகும் வழியில் மனை போட அனுமதித்தது யார்?’ என்று பிறகு விசாரித்தானாம். ஏரி ஓர் இலாகா, வாய்க்கால் மற்றோர் இலாகா, மனை வேறோர் இலாகா என்று பதில் கிடைத்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. வியாதியின் மூலமே அதுதான்!

திட்டம் இல்லாமற் போகவில்லை. 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம் பிறந்தது. 1974-ல் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் சட்டபூர்வமான ஸ்தாபனமாயிற்று. 2008-ல் இரண்டாவது முழுமைத் திட்டம் வெளிவந்தபோது, 1,189 சதுர கிலோமீட்டருக்குள் ஒரு கார்ப்பரேஷன், 16 முனிசிபாலிடிகள், 20 பேரூராட்சிகள், 214 கிராமப் பஞ்சாயத்துகள் இருந்தன. வரைபடம் தீட்டுவது குழுமம். குடிநீர் ஒரு வாரியத்தின் பொறுப்பு, மின்சாரம் வேறொருவர் பொறுப்பு, ரயிலோ டில்லியின் ஆதிக்கம். பணமும் படமும் ஒரே கையில் இல்லை.

விளைவைப் பள்ளிக்கரணையில் காணலாம். மழைநீரை ஏந்திக்கொள்ளும் அந்தச் சதுப்பு நிலத்தில் ஒருவர் குப்பை கொட்டினார். ஒருவர் சாலை போட்டார். ஒருவர் கட்டடம் எழுப்பினார். 2022-ல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றபோது, பெரும்பகுதி ஏற்கெனவே மறைந்துபோயிருந்தது. பஸ்ஸையும் ரயிலையும் இணைக்க 2010-ல் சட்டம் செய்தார்கள். அதன்படி அமைந்த குழுமத்தின் முதற்கூட்டம் நடந்தது 2022-ல். அதற்குள் குறிஞ்சியே ஒரு முறை பூத்துவிடுமே!

இதற்கிடையில் ஆலைகள் எல்லை கடந்து ஒரகடம் வரை பரவிவிட்டன. 2022-ல் பெருநகர் எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். எல்லை விரிந்தால் மட்டும் போதுமா? பத்து லக்ஷம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட பெருநகருக்கு ஒரு திட்டக் குழு வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்தல ஸ்தாபனப் பிரதிநிதிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்று 1992-ஆம் வருஷத்து அரசியலமைப்புத் திருத்தம் விதிக்கிறது. அந்த விதிக்கு உயிர் கொடுத்து, பணத்தையும் அதன் கையில் ஒப்புவித்தாலன்றி, படம் படமாகவே சுவரில் தொங்கும்.

‘சென்னை வியவகாரம் விருத்தாசலத்து வாத்தியாருக்கு எதற்கு?’ என்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் கடலூர் ஜில்லாவின் வீராணத்து நீர் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்குக் குழாய் வழியே செல்கிறது. நான் எழுத்தறிவித்த பிள்ளைகளும் அந்தத் திசையிலேயே போகிறார்கள். நீரையும் பிள்ளைகளையும் கொடுத்தவர்களுக்குக் கேட்கும் பாத்தியதை இல்லையா?

புதிதாய்ச் சேர்ந்த கிராமங்கள் இன்னும் ஈரக் களிமண். சூளையோ மூட்டியாகிவிட்டது. தடவித் திருத்த இதுவே சமயம்.