ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் வெளி

அடுக்குமாடி வீட்டு ஹால் பல இடங்களில் ‘ட’ வடிவம்தான். டிவிக்கு இடப்புறம் சுவர். வலப்புறம் சாப்பாட்டு மேசை வரை திறந்த வெளி. அங்கே ஸ்டீரியோ ஸ்பீக்கர் வைத்தால், நடுவில் கேட்க வேண்டிய குரல் இடப்பக்கம் சாய்ந்துவிடும். பேலன்ஸைத் திருகினால் சத்தம் சமமாகும், குரல் தெளியாது.

சுவரிலிருந்து 2 அடியில் ஸ்பீக்கர், 5 அடியில் நாற்காலி, முன்பின்னாக 7 அடி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். நேராக வரும் ஒலி கடப்பது 7.6 அடி, சுவரில் பட்டு வருவது 9.9 அடி. நொடிக்குச் சுமார் 1,130 அடி போகும் ஒலிக்கு இது வெறும் 2 மில்லிநொடித் தாமதம். இவ்வளவு ஒட்டி வருவதைக் காது எதிரொலியாகப் பிரிக்காது, முதல் ஒலியோடு சேர்த்துவிடும். குரலின் குணம் மாறும், சுவர்ப்பக்கம் இழுபடும். வலப்புறத்தில் அப்படி எதுவும் திரும்பி வருவதில்லை.

எனவே இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலியை விழுங்கும் பேனல் மாட்டுவது வீண்செலவு. சுவரை வெளிபோல ஆக்குவதுதான் வேலை. அறை ஒலியியலுக்கு அடித்தளமிட்ட ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சபைன், 1890களில் நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை ஒரு வகுப்பறையில் அடுக்கிச் சோதித்தார். ஒலியை விழுங்கும் திறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பாது. உங்கள் வலப்பக்கத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைக் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்தச் சொல்லுங்கள். இடது ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் துணி போர்த்திய 4 அங்குல ராக்வுல் பேனலை மாட்டுங்கள். 1 அங்குல ஃபோம் ‘ஸ்’ போன்ற கூர்மையான ஒலிகளை மட்டும் குறைக்கும். குரலின் கனத்தைத் தொடாது. முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். பயனும் இல்லை, தீயும் எளிதில் பற்றும்.

பேஸ் விஷயம் வேறு. 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளமே 22 அடிக்கு மேல். அதற்கு இந்தப் பேனல் ஒரு பொருட்டல்ல. சுவரை நெருங்கிய ஸ்பீக்கரில் பேஸ் கூடும், மூலையில் இன்னும் கூடும். இங்கே நகர்த்துவதுதான் மருந்து. இரண்டு ஸ்பீக்கரையும் நாற்காலியையும் சேர்த்து வலப்பக்கம் தள்ளுங்கள். நாற்காலியிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து சமமாக்குங்கள். தவில் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, அடிக்கும் சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோல் இறுகி வரும்வரை அரையடி அரையடியாக நகர்த்திக் கேளுங்கள்.