வளைவிற் கவிழாத சிறு வண்டி



என் தமக்கையின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தையும் உண்டியலிற் சேர்ந்ததையும் ஒன்றாக்கி, வானொலி அலையால் இயங்கும் கைக்கடக்கமான மோட்டார் வண்டி ஒன்றை அவன் வாங்கினான். நேரே அம்புபோற் பாயும் அவ்வண்டி, வளைவைக் கண்டதும் குப்புற விழும். மூன்றாம் நாளே மேற்கூடு வெடித்துவிட்டது. "மாமா, வலுவான மோட்டார் ஒன்று போட்டாற் சரிவருமா?" என்று கேட்டான். போட்டால் இன்னும் விரைவாக விழும் என்றேன். அரைவிலைக்கு அதனை நண்பனுக்குக் கொடுத்துவிட எண்ணியிருக்கிறான் என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்தபின் வாளாவிருக்க மனம் வரவில்லை.

இத்தகைய வண்டிகளை வெறும் விளையாட்டுப் பொருளென்று தள்ளிவிடுதல் தகாது. யப்பானிய நிறுவனமான கியோஷோ 1999 ஆம் ஆண்டில் 'மினி இசட்' என்னும் வண்டியை வெளியிட்டது. மெய்யான காரின் இருபத்தெட்டில் ஒரு பங்கு அளவே உடையது அது. ஆயினும் சில்லு, றப்பர், அச்சு, தகடு ஆகியவற்றை வேண்டியவாறு மாற்றத்தக்கதாக அமைந்தமையால், வளர்ந்தவர்களும் அதனை வைத்துப் பந்தயம் நடத்தலாயினர்.

அளவிலே சிறுத்த வண்டி ஏன் கவிழ்கின்றது? வண்டியைச் சிறுக்கச் செய்யலாம். புவியீர்ப்பைச் சிறுக்கச் செய்ய இயலாது. ஒரு மீற்றர் ஆரையுள்ள வளைவிலே செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்திற் சிறுவண்டி திரும்புகிறதென்க. அதன் பக்கவாட்டு ஆர்முடுகல் 9 ஆகும். ஏறக்குறைய புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு நிகர். மெய்யான கார் ஒன்று 28 மீற்றர் ஆரையுள்ள வளைவை மணிக்கு 57 கிலோமீற்றர் வேகத்தில் எடுப்பதற்கு இது ஒப்பாகும். எந்தச் சாரதியும் அங்கே பிறேக்கில் காலை வைப்பார். நம் பையனோ விசையை இறுக அழுத்துகிறான்!

இனி, கவிழும் எல்லையைக் காண்போம். இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையே 60 மில்லிமீற்றர் அகலமும், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 20 மில்லிமீற்றர் உயரமும் இருப்பின், அரை அகலமாகிய 30ஐ 20ஆல் வகுக்க ஒன்றரை வரும். புவியீர்ப்பின் ஒன்றரை மடங்கு பக்கவாட்டில் இழுத்தால் வண்டி புரளும். மையத்தை 15 மில்லிமீற்றருக்கு இறக்கினால் எல்லை இரண்டு மடங்காகும். ஐந்தே மில்லிமீற்றர்! கூரையிலே மூட்டை ஏற்றிய வான் வளைவிலே தள்ளாடுவதும் இக்கணக்கினாலேயே.

ஆகவே மேற்கூட்டின் உட்புறத்திலிருந்த வேண்டாத பிளாஸ்ரிக்கை அரிந்தெடுத்தோம். புறப்பக்கம் சற்றே தள்ளி நிற்கும் சில்லுகளை மாட்டினோம். ஈயத்துண்டொன்றைத் தாழ ஒட்டலாமென்பதும் என் யோசனைதான். இடத்தைச் சிந்தியாது முன்முகப்பில் ஒட்டிவிட்டேன். வண்டி கவிழவில்லை, திரும்பவுமில்லை. நேரே சென்று சுவரில் மோதியது. பையன் ஒன்றும் பேசவில்லை, ஈயத்தை மட்டும் கழற்றி என் கையில் வைத்தான். பாரம் வேண்டுமாயின் நான்கு சில்லுகளுக்கும் நடுவே, அடித்தட்டில் இருத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய விடயம் றப்பர்தான். பிடிப்பு மிகுந்தால் நன்மையே என்று பலர் கருதுவர். அஃது அரை உண்மை. றப்பரின் பிடிப்பு கவிழும் எல்லையைத் தாண்டுமாயின், வழுக்கித் தப்பவேண்டிய வண்டி தடுக்கி விழும். எனவே பின்னே மென்மையான றப்பரும் முன்னே சற்றுக் கடினமானதும் பூட்டுவர். முன்றப்பரின் வெளிவிளிம்பிலே விரைவில் உலரும் பசையை மெல்லெனப் பூசி, அவ்விளிம்பு தரையைக் கௌவாதவாறு செய்வதும் உண்டு. இப்பசை விரலையும் ஒட்டிவிடும். கண்ணிற் பட்டால் கேடு. இவ்வேலையைப் பெரியவர்களே செய்க. சீமெந்துத் தரையின் தூசு றப்பரிற் படிந்தால் கணக்கெல்லாம் பிழைத்துப்போம்; ஒட்டுநாடாவின் மேல் சில்லை உருட்டித் துடைத்துவிட்டே எதையும் சோதிக்க வேண்டும்.

பின்னச்சையும் பார்த்தோம். செங்கோணமாகத் திரும்புகையில் வெளிச்சில்லு உட்சில்லைவிட 94 மில்லிமீற்றர் கூடுதலாக ஓடவேண்டும். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லுக்கு அது ஒரு சுற்றுக்கும் மேல். இவ்வேறுபாட்டை இடங்கொடுத்து ஏற்பதே டிபரன்ஷியல். எங்கள் வண்டியில் அதன் சுரை மிக இறுகியிருந்தமையால் இரு சில்லுகளும் ஒன்றாகவே சுழன்றன. கால்சுற்றுத் தளர்த்தியதும் வண்டியின் போக்கே மாறிற்று. மோட்டார் இருக்கும் பின்பகுதியை முன்னுடலோடு இணைக்கும் மெல்லிய தகடும் கவனிக்கத்தக்கது. அது நெகிழ்ந்தால் பின்சில்லுகள் இரண்டும் தரையை விடா. விறைத்தால் வால் சீக்கிரம் வழுக்கும்.

சோதனைக்கு வெண்கட்டியால் ஒரு மீற்றர் ஆரையில் வட்டம் கீறினோம். ஒரு மாற்றம் செய்வது, பின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி வட்டத்திற் சுற்றவிடுவது. முன்பக்கம் வெளியே போகிறதா, வால் சுழல்கிறதா, உட்சில்லு தூக்குகிறதா என்பதைப் பையன் தன் அப்பியாசக் கொப்பியில் எழுதினான். இரண்டை ஒருங்கே மாற்றிய நாளின் குறிப்புகளை அவனே வெட்டிவிட்டான். எது பயன் தந்ததென்று தெரியவில்லையாம்.

வலுவான மோட்டார் வாங்கவில்லை. நண்பன் இரண்டுமுறை வந்து விலை கேட்டுப் போய்விட்டான். வெடித்த கூட்டின் மேல் ஒட்டிய நாடா இன்னும் அப்படியே இருக்கிறது.