நெடுஞ்சாலை அமைப்பில் பயன்பாட்டுச் சேவைகளின் திட்டமிடல்

புதிய நெடுஞ்சாலை அமைக்கும்போதோ பழைய சாலையை அகலப்படுத்தும்போதோ குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கம்பி, எரிவாயுக் குழாய், தொலைத்தொடர்புக் கேபிள் ஆகியவற்றுக்கு அதே நிலத்தில் முன்கூட்டியே இடம் வகுப்பதே பயன்பாட்டுச் சேவைகளின் திட்டமிடல் எனப்படுகிறது. ஏற்கெனவே அங்கே இருக்கும் குழாய்களையும் கம்பங்களையும் இடம் மாற்றுவதும் இதில் அடங்கும். சாலைப் பொறியியலில் இது ஒரு துணைப் பிரிவாகவே கருதப்படுகிறது. ஆனால் சாலைப் பணிகள் குறித்த காலத்தில் முடியாமல் போவதற்கு, நிலம் கையகப்படுத்துவதற்கு அடுத்தபடியாக அடிக்கடி சொல்லப்படும் காரணம் இதுதான்.

சாலை நிலம்

தார் போட்ட பகுதி மட்டுமே சாலை என்று நினைப்பது இயல்பு. அரசு சாலைக்காகக் கையகப்படுத்தும் நிலம் அதைவிட அகலமானது. இந்தியாவில் நான்கு வழி நெடுஞ்சாலைக்குப் பொதுவாக 45 முதல் 60 மீட்டர் அகல நிலம் எடுக்கப்படுகிறது. வண்டி ஓடும் பாதை, நடுத்திட்டு, மண் ஓரம், வடிகால், சர்வீஸ் சாலை ஆகியவை போக எல்லைக் கல்லை ஒட்டி எஞ்சும் பட்டையே குழாய்களுக்கும் கேபிள்களுக்கும் உரியது.

ஊருக்கு ஊர் நீளும் தொடர்ச்சியான பொது நிலம் சாலையைத் தவிர வேறு அதிகம் இல்லை. அதனால்தான் எல்லாத் துறைகளும் அதைத் தேடி வருகின்றன. வயல்கள் வழியே குழாய் பதிப்பதென்றால் நூற்றுக்கணக்கான உரிமையாளர்களிடம் இசைவு பெற வேண்டும். சாலையோரத்தில் பதிக்க ஒரே துறையின் அனுமதி போதும்.

ஆழமும் வரிசையும்

குழாய்களின் ஆழத்தை அவற்றின் இயல்பே முடிவு செய்கிறது. கழிவுநீர் புவியீர்ப்பினால் ஓடுவது. அதற்குச் சீரான சரிவு வேண்டும். எனவே பெரிய கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அடியில், சில மீட்டர் ஆழத்தில் செல்கிறது. குடிநீர் அழுத்தத்தால் ஓடுவதால் மேட்டிலும் பள்ளத்திலும் போக முடியும். அதை மேலே பதிக்கலாம். இரண்டும் குறுக்கிடும் இடத்தில் குடிநீர்க் குழாய் மேலேயும் கழிவுநீர்க் குழாய் கீழேயும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இணையாகச் செல்லும்போது, இடமிருந்தால், இரண்டுக்கும் நடுவில் 3 மீட்டர் விட வேண்டும். மின்தடையின்போது குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால், அருகில் கசியும் கழிவுநீரை விரிசல் வழியே அது உள்ளே இழுத்துக்கொள்ளும். குடிநீரில் துர்நாற்றம் என்று எழும் பல புகார்களுக்கு மூலம் இதுதான்.

மின்கேபிளையும் தொலைத்தொடர்புக் கேபிளையும் ஒரே குழியில் போடக் கூடாது. எரிவாயுக் குழாயை மூடிய வடிகாலுக்குள்ளோ அதை ஒட்டியோ கொண்டு செல்லக் கூடாது. நகரச் சாலைகளில் எந்தச் சேவை எங்கே, எவ்வளவு ஆழத்தில் அமைய வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைகள் பேராயம் ஐ.ஆர்.சி. 98 என்னும் வழிகாட்டியை வெளியிட்டுள்ளது.

குறுக்கே கடக்கும் குழாய்களுக்குத் தனிக் கவனம் தேவை. சாலையின் ஒருபுறம் நீர்த்தேக்கத் தொட்டியும் மறுபுறம் ஊரும் இருந்தால் குழாய் சாலைக்கு அடியில்தான் போயாக வேண்டும். சாலை போடும் காலத்திலேயே குறிப்பிட்ட இடைவெளிகளில் வெற்று கான்கிரீட் குழாய்களைக் குறுக்கே பதித்துவிட்டால், பின்னாளில் வருகிறவர்கள் தங்கள் குழாயை அதற்குள் நுழைத்துக்கொள்ளலாம். இதற்கு ஆகும் செலவு சாலையின் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கே. இதைச் செய்யாத இடங்களில் சாலையை வெட்ட வேண்டும், அல்லது கிடைமட்டத் துளையிடும் இயந்திரத்தைக் கொண்டுவர வேண்டும்.

வெட்டிய சாலை மூடப்பட்ட பிறகும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. சாலையின் வலிமை தாரில் இல்லை. அதன் அடியில் அடுக்கடுக்காக உருளை ஓட்டி இறுக்கிய மண்ணிலும் சரளையிலும் இருக்கிறது. குறுகிய பள்ளத்துக்குள் பெரிய உருளை இறங்காது. நிரப்பிய மண் மெல்ல அமிழும், ஒட்டுப்போட்ட விளிம்பில் விரிசல் விழும், மழைநீர் அதன் வழியே இறங்கி நல்ல பகுதியையும் கெடுக்கும். சென்னை மாநகராட்சி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுகளுக்குத் தடை விதிப்பது வழக்கம்.

தரைக்கு அடியில் உள்ளதைக் கண்டறிதல்

எங்கே என்ன புதைந்திருக்கிறது என்று தெரியாமல் திட்டமிட முடியாது. பழைய வரைபடங்களோ பெரும்பாலும் திட்டமிட்டதையே காட்டும், உண்மையில் பதித்ததை அல்ல. வழியில் ஒரு பாறையோ மரமோ இருந்திருந்தால் குழாய் விலகிப் போயிருக்கும். வரைபடத்தில் கோடு நேராகவே இருக்கும்.

அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கம் 2002இல் வெளியிட்ட தரநிலை, இத்தகைய தகவல்களை நம்பகத்தின்படி நான்கு படிகளாகப் பிரித்தது. ஆவணத்திலோ வாய்மொழியிலோ கிடைத்த செய்தி கடைசிப் படி. தரைமேல் தெரியும் வால்வு, ஆள்நுழைவுக் குழி ஆகியவற்றை அளந்து ஆவணத்துடன் ஒப்பிட்டது அதற்கு மேலான படி. தரை ஊடுருவும் ரேடார் போன்ற கருவிகளால் கண்டது அதற்கும் மேல். சிறு குழி தோண்டிக் குழாயைக் கண்ணால் கண்டு ஆழத்தை அளந்தது முதல் படி. இந்த ஆய்வுக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சமாகிறது என்று பர்டூ பல்கலைக்கழகம் 71 நெடுஞ்சாலைத் திட்டங்களை ஆராய்ந்து 1999இல் கணக்கிட்டது. ஆயினும் செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பல திட்டங்களில் முதலில் கைவைக்கப்படுவது இந்த ஆய்வில்தான்.

காவோசியுங் வெடிப்பு

தைவானின் தென்பகுதியில் உள்ள துறைமுக நகரமான காவோசியுங்கில் 2014 சூலை 31 இரவு தெருக்களில் வாயு நெடி வீசுவதாக மக்கள் தீயணைப்புத் துறைக்குத் தெரிவித்தனர். வீரர்கள் வந்து நீரைப் பீய்ச்சினர். அது என்ன வாயு, யாருடைய குழாயிலிருந்து வருகிறது என்பது சில மணி நேரம் வரை எவருக்கும் தெரியவில்லை. நள்ளிரவை ஒட்டித் தொடர் வெடிப்புகள் ஏற்பட்டு, சாலைகள் நீள்வாக்கில் பிளந்தன. வண்டிகள் தூக்கி எறியப்பட்டன. தீயணைப்பு வீரர்கள் உட்பட 32 பேர் இறந்தனர்; 300க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

கசிந்தது தொழிற்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட புரொப்பிலீன். மண்ணில் புதைந்திருக்க வேண்டிய அக்குழாய், மழைநீர் வடிகால் ஒன்றின் உள்ளே குறுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. வடிகாலைக் கட்டியபோது குழாயை நகர்த்தவில்லை; அதைச் சுற்றியே கான்கிரீட் பெட்டியைக் கட்டிவிட்டனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஈரக்காற்றில் இருந்த இரும்பு துருப்பிடித்து மெலிந்து ஓட்டையானது. வெளியேறிய வாயு வடிகால் வழியாகவே தெருத்தெருவாகப் பரவியது. வடிகாலைக் கட்டியவர்களும் குழாயைப் பராமரித்தவர்களும் ஒரே வரைபடத்தை வைத்துப் பேசியிருந்தால் குழாயைச் சில மீட்டர் விலக்கி வைப்பதோடு வேலை முடிந்திருக்கும்.

பொதுச் சுரங்கம்

எல்லாச் சேவைகளையும் மனிதர் நடந்து செல்லக்கூடிய ஒரே சுரங்கத்தில் வைப்பது இன்னொரு வழி. பாரிசு நகரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொறியாளர் எழேன் பெல்கிரான் அமைத்த கழிவுநீர்ச் சுரங்கங்களின் சுவர்களிலேயே குடிநீர்க் குழாய்களும் பின்னர் தந்திக் கம்பிகளும் சென்றன. சப்பானில் 1923 காந்தோ நிலநடுக்கத்துக்குப் பிந்தைய சீரமைப்பின்போது தோக்கியோவில் இத்தகைய பொதுச் சுரங்கங்கள் கட்டப்பட்டன; 1963இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. இந்தியாவில் குசராத்தின் கிஃப்ட் நகரில் இம்முறை பின்பற்றப்பட்டுள்ளது. தொடக்கச் செலவு மிகுதி என்பதால், நெருக்கமான நகரச் சாலைகளுக்கே இது பொருந்தும். ஊர்ப்புற நெடுஞ்சாலைக்கு ஒதுக்கப்பட்ட ஒரு மண்பட்டை போதும்.

இந்தியாவில் நடைமுறை

நெடுஞ்சாலைப் பணிக்காக மின்கம்பங்களையும் குழாய்களையும் நகர்த்தும் செலவு பொதுவாகத் திட்டச் செலவிலேயே சேர்க்கப்படுகிறது. பணம் கிடைத்தும் வேலை நகராமல் நிற்பது உண்டு. உயர் அழுத்த மின்கம்பியை மாற்ற மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். தேர்வுக் காலத்திலோ கோடையிலோ அதற்கு அனுமதி எளிதில் கிடைக்காது. குடிநீர்க் குழாயை மாற்றுவதென்றால் புதுக் குழாயை முழுவதும் பதித்துச் சோதித்த பிறகே பழையதைத் துண்டிக்க முடியும். இந்த வரிசையை அறியாமல் போடப்படும் கால அட்டவணை ஏட்டளவிலேயே நிற்கும்.

பல அமைச்சகங்களின் வரைபடங்களை ஒரே தளத்தில் அடுக்கிக் காட்டும் பிரதமர் கதிசக்தித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. தோண்டுவதற்கு முன் அங்குள்ள குழாய், கேபிள் உரிமையாளர்களுக்குத் தகவல் தரும் ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலி 2023 மார்ச்சில் வந்தது. தோண்டும் பணிகளால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் இடங்களில் ஒளியிழைக் கேபிள்கள் அறுபடுவதாகவும், இழப்பு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் என்றும் அப்போது அரசு தெரிவித்தது. அமெரிக்காவில் இதே பணிக்கு 811 என்ற தொலைபேசி எண் 2007 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது.

டெல்லி–மும்பை விரைவுச் சாலையில் 3 மீட்டர் அகலத்தில் பயன்பாட்டுச் சேவைகளுக்கென்றே ஒரு தடம் ஒதுக்கப்பட்டது. ஒளியிழைக் கேபிள் பதிக்கும் முன்னோடித் திட்டத்துக்கு இச்சாலையில் சுமார் 1,367 கிலோமீட்டரும், ஐதராபாத்–பெங்களூரு தடத்தில் 512 கிலோமீட்டரும் தேர்ந்தெடுக்கப்பட்டன. புதிதாக நிலம் எடுத்துப் போடும் சாலையில் இது எளிது. இருபுறமும் கடைகளும் வீடுகளும் நெருங்கிவிட்ட பழைய சாலையை அகலப்படுத்தும்போது அந்த 3 மீட்டர் கிடைப்பது அரிது. அங்கே பெரும்பாலும் வடிகாலும் கேபிளும் நடைபாதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன.